கரிசலுக்குத் திரும்பிய மாயாவி: சிவகாசிச் சித்திரக்கதைகளும் அவற்றின் வாசகரும்

தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்தில், விளாத்திகுளத்துக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடைப்பட்ட சாலையில் அமைந்த புதூர் என்பது கோவில்பட்டி, எட்டயபுரம், சாத்தூர், சிவகாசி எனப் பரந்து கிடக்கும் கரிசல் நிலத்தின் பேரூர்களில் ஒன்று. ஆற்றுப் பாசனம் இல்லாமல் ஐப்பசி, கார்த்திகை மழையை மட்டும் நம்பி விதைக்கும் வேளாண்மை முறையாகிய மானாவாரியே இப்பகுதியின் அடிப்படை. கம்பும் சோளமும் உளுந்தும் பாசியும் பருத்தியும் மல்லியும் மிளகாயும் விளையும் இந்நிலம், தை, மாசியில் வெள்ளாமை வீட்டுக்கு வந்தபின் ஆடி கழியும் வரை வெடிப்பு விட்டுக் கிடக்கும். அந்த நீண்ட வெறுங்காலமே இவ்வட்டாரத்தின் கைத்தொழில்கள் அனைத்துக்கும் வேராக அமைந்தது. தமிழ்ச் சிறுவரின் கற்பனை உலகை இரண்டு தலைமுறைக் காலம் ஆண்ட சித்திரக்கதைகள், அதாவது கட்டம் கட்டமாக வரைந்த படங்களும் பாத்திரங்களின் பேச்சைத் தாங்கும் குமிழிகளுமாகக் கதை சொல்லும் புத்தகங்கள், இந்த வறண்ட நிலத்தின் அச்சகங்களிலிருந்தே புறப்பட்டன என்பது தற்செயல் அன்று. அவை நலிந்து, 2012இல் புத்துயிர் பெற்றபோது எழுந்த வரவேற்பையும் வாதங்களையும் விளங்கிக்கொள்ள, அவை பிறந்த தொழிலின் வரலாற்றிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

திரையில் உருவங்களை அசைத்து மாயக்கதை சொல்லும் மரபு இப்பகுதிக்கு அச்சு வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. பதப்படுத்திய ஆட்டுத்தோலில் உருவங்களை வெட்டி வண்ணம் தீட்டி, வெள்ளைத் திரைக்குப் பின்னிருந்து விளக்கொளியில் ஆட்டிக் காட்டும் தோல்பாவைக்கூத்தைத் தென் மாவட்டங்களில் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர் எனப்படும் கணிகர் சமூகத்தார் ஊர் ஊராகச் சென்று நடத்தினர். இராமாயணத்தைப் பல இரவுகளுக்குப் பிரித்து ஆடும் இக்கூத்தில், காப்பியத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இடையிடையே தோன்றிச் சிரிக்க வைப்பார்கள். பட்டாபிடேகம் வரை ஆடி முடித்தால் மழை இறங்கும் என்ற நம்பிக்கை வானம் பார்த்த ஊர்களில் இக்கூத்துக்குத் தனி மதிப்பைத் தந்திருந்தது. தொடர்கதையை இரவுக்கு இரவு காத்திருந்து பார்ப்பதும், தெரிந்த பாத்திரம் திரும்பி வரும்போது ஆரவாரம் செய்வதும் கரிசல் மக்களுக்குப் பழகிய வழக்கங்களாக இருந்தன என்பதைப் பின்னால் வரும் செய்திகளோடு சேர்த்து நோக்க வேண்டும்.

அச்சுத் தொழில் இங்கு தீப்பெட்டியின் வழியாக வந்தது. 1922இல் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீக்குச்சி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பி, 1923இல் சிவகாசியில் தொழிலைத் தொடங்கினர். மழை குறைந்த, காற்றில் ஈரம் குறைந்த தட்பவெப்பம் மருந்து உலர ஏற்றதாக இருந்தது. வேளாண்மை தராத வேலையை வேண்டிக் காத்திருந்த கைகளும் ஏராளமாக இருந்தன. தீப்பெட்டி செய்வோருக்கு மேல்தாள், அதாவது பெட்டியின் மேல் ஒட்டும் வண்ணப்படச் சீட்டு, கட்டுக்கட்டாகத் தேவைப்பட்டது. எழுத்தறியாதவரும் படத்தைப் பார்த்துப் பெட்டியை அடையாளம் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டுமாதலால், புலியும் யானையும் மயிலும் அச்சாகிய இந்தச் சிறு சீட்டுகளின் வண்ணத் துல்லியம் வியாபாரத்தின் உயிராக இருந்தது. வழவழப்பான கல்லில் மைப்பசையால் எழுதி அச்செடுக்கும் கல்லச்சு முறையில் தொடங்கிய அந்த வேலை, பின்னர் ஆப்செட் இயந்திரங்களுக்கு மாறி, தீப்பெட்டியையும் பட்டாசையும் கடந்து நாட்காட்டி, நாட்குறிப்பு, பள்ளி நோட்டுப் புத்தகம் என விரிந்தது. தாள் ஈரத்தை உறிஞ்சி நீளாமலிருந்தால்தான் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியும் நான்கு வண்ணங்களும் விலகாமல் பொருந்தும் என்பதால், பயிருக்குப் பகையான வறட்சி அச்சுக்குத் துணையாயிற்று. ஆடிப்பெருக்கு நாளில் அடுத்த ஆண்டுக்கான நாட்காட்டி மாதிரிகளை வெளியிட்டுத் தொடங்கும் சிவகாசியின் அச்சுப் பருவம் இன்றும் அந்த ஊரின் ஆண்டுக் கணக்காக இருக்கிறது.

இந்த அச்சுக்கூடங்களின் நடுவில்தான், 1972இல், எம். சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். அதன் தொடக்க கால ஆசிரியராக முல்லை தங்கராசன் பணியாற்றினார். அதற்கு முன் தமிழ்ச் சிறுவருக்குப் படக்கதைகளே இல்லாமலில்லை. 1947 முதல் சென்னையிலிருந்து வந்த அம்புலிமாமா, ஓவியர் சங்கரின் கோடுகளில் விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் வீட்டுக்கு வீடு அறிமுகப்படுத்தியிருந்தது; தினத்தந்தியில் 1960இல் தொடங்கிய கன்னித்தீவு, தேநீர்க்கடைப் பலகையில் அமர்ந்திருந்த பெரியவரையும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுவனையும் ஒரே பக்கத்தில் சந்திக்க வைத்தது. எனினும் ஒரு முழு நெடுங்கதையைப் படங்களாகவே சொல்லி, சிறுவர் தம் கைக்காசில் வாங்கும் கையடக்கப் புத்தகமாகத் தமிழில் தொடர்ந்து தந்ததில் முத்து காமிக்ஸுக்கு முதன்மையான இடம் உண்டு.

அதன் முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. பிரிட்டனில் 1962இல் தொடங்கிய வேலியன்ட் என்ற சிறுவர் வார இதழில், கென் புல்மரின் எழுத்திலும் ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் தூரிகையிலும் உருவான பாத்திரம் அது. வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல் என்ற ஆய்வகப் பணியாளன், மின்சாரம் உடலில் பாயும்போது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுவான். அந்த இரும்புக்கை மட்டும் காற்றில் மிதப்பதுபோல் தெரியும். தொடக்கத்தில் அந்த ஆற்றலைத் தீய வழியில் பயன்படுத்திய அவன், பின்னர் நிழற்படை என்ற இரகசிய அமைப்பின் உளவாளியாக மாறுகிறான். ஊரக மின்சாரம் அண்மையில்தான் வந்து சேர்ந்திருந்த காலத்துச் சிறுவருக்கு, மின்கம்பியில் ஓடும் அந்தக் காணாத பொருள் மனிதனையும் காணாமலாக்கும் என்ற கற்பனை எத்தனை நெருக்கமாகப் பட்டிருக்கும் என்பதை எளிதில் உணரலாம். சுவரிலிருந்த மின்செருகுத் துளையில் விரல் வைத்துப் பார்த்து அடிபட்ட கதை அந்தத் தலைமுறை வாசகரின் நினைவுரைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. பாம்புத் தீவு, பாதாள நகரம், நாச அலைகள் முதலிய கதைகளின் நாயகனான மாயாவியோடு, துப்பறியும் லாரன்ஸ்–டேவிட் இணையும் ஜானி நீரோவும் சேர்ந்து, பிற்கால வாசகரால் மும்மூர்த்திகள் என்று அழைக்கப்பட்டனர். காட்டில் முகமூடி அணிந்து நீதி காக்கும் வேதாளரும் மந்திரவாதி மாண்ட்ரேக்கும் இவர்களோடு அணிவகுத்தனர்.

இப்புத்தகங்கள் உருவான முறையே அவற்றின் சுவையைத் தீர்மானித்தது. இலண்டன் சிறுவன் வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கமாகப் பல மாதங்கள் காத்திருந்து படித்த தொடரைச் சிவகாசி ஒரே புத்தகமாகத் தொகுத்தது. பெரிய தாளுக்கென வரைந்த கட்டங்களை வெட்டி, உள்ளங்கை அளவுப் பக்கத்துக்கு ஏற்ப மாற்றி அடுக்கி, பேச்சுக் குமிழிகளிலிருந்த ஆங்கிலத்தை நீக்கித் தமிழ் வசனத்தை ஒட்டி அச்சுக்கு அனுப்பியது. மலிவான செய்தித்தாளில் கறுப்பு வெள்ளையிலோ இரு வண்ணத்திலோ அச்சான உள்பக்கங்களுக்கு, நாட்காட்டிக்குரிய பகட்டோடு வண்ண அட்டை போர்த்தப்பட்டது. தீப்பெட்டி மேல்தாளை வரைந்து பழகிய ஓர் ஊரின் அழகுணர்வு அந்த அட்டைகளில் தெளிவாகத் தெரிகிறது: சிவப்பும் மஞ்சளும் அடர்ந்து, முகம் பெரிதாகி, தொலைவில் தொங்கினாலும் கண்ணை இழுக்கும்படி அவை அமைந்தன. புதூர் போன்ற ஊர்களுக்கு நாளிதழ் வரும் வழியிலேயே இவையும் வந்தன. பேருந்து நிற்கும் இடத்துக் கடைகளில் கயிற்றில் தொங்கிய புத்தகம் ஒன்றை ஒரு சிறுவன் வாங்கினால், அது பத்துக் கைகளுக்கு மாறி, அட்டை கிழிந்து, பழைய காகிதக் கடையில் எடைக்குப் போய், அங்கிருந்து மீண்டும் பாதி விலைக்கு இன்னொரு சிறுவனிடம் வந்து சேரும்.

1984 இத்தொழிலில் ஒரு திருப்பமான ஆண்டு. சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன், இருபது வயதைக்கூட எட்டாத நிலையில், அவ்வாண்டு ஜூலையில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். கத்தி முனையில் மாடஸ்டி என்ற முதல் புத்தகத்தைவிட, பின்னர் எத்தனுக்கு எத்தன் வழியாக அறிமுகமான ஸ்பைடரே இதழை நிலைநிறுத்தினான் எனலாம். 1965இல் பிரிட்டனின் லயன் வார இதழில் குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாகத் தோன்றி, பின்னர் குற்றத்தை ஒடுக்குபவனாக மாறிய இந்தப் பாத்திரத்தின் பல கதைகளை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகல். வானூர்தியாகவும் இயங்கும் ஹெலிகார், வலை வீசும் துப்பாக்கி, எதிரிகளின் நம்பமுடியாத விஞ்ஞானச் சூழ்ச்சிகள் என அக்கதைகள் அறிவியலின் உடையில் வந்த மாயக்கதைகளாகவே இருந்தன. பேசும் இயந்திர மனிதன் ஆர்ச்சி, காலத்தில் பின்னோக்கிச் செல்லும் கோட்டை வடிவ எந்திரத்தில் ஏறி வந்தான். அதே 1984இல் தினத்தந்தி குழுமம் ராணி காமிக்ஸைத் தொடங்கியதால், ஒரே கடையில் இரண்டு பெருந்தொடர்கள் போட்டியிட்டன. சிவகாசியும் திகில், மினி லயன், ஜூனியர் லயன் என்று கிளைவிட்டது. இத்தாலியக் கௌபாய் வீரன் டெக்ஸ் வில்லர் 1985இல் தலைவாங்கிக் குரங்கு என்ற கதையுடன் தமிழுக்கு வந்தான். லயன் வெளியிட்ட கோடை மலர்களும் தீபாவளி மலர்களும் பல நாயகரை ஒரே தடித்த புத்தகத்தில் சேர்த்துத் தந்தன. பள்ளி விடுமுறையும் நிலத்தின் வெறுங்காலமும் ஒன்றாக வரும் சித்திரை, வைகாசியில் கரிசல் ஊர்ச் சிறுவரின் கையில் கோடை மலர் எத்தகைய செல்வமாக இருந்தது என்பதற்கு, இன்று அவற்றின் பழம்பிரதிகளுக்குச் சேகரிப்போர் தரும் விலையே சான்று.

இந்த மகிழ்ச்சியின் வரலாற்றை எழுதும் எவரும், அதே ஆண்டுகளில் அதே ஊர்களின் வேறு சிறுவர்கள் எங்கிருந்தனர் என்பதையும் எழுதக் கடமைப்பட்டவர். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத் தீப்பெட்டி ஆலைகளின் பேருந்துகள் விடியலுக்கு முன்பே கிராமங்களுக்குச் சென்று, பெரியவர்களோடு பிள்ளைகளையும் ஏற்றி வந்தன. சட்டங்களில் குச்சிகளை வரிசையாக அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, மேல்தாள் ஒட்டுவது ஆகிய வேலைகளில் சிறுமியரே மிகுதியாக இருந்தனர். 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடுப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது; வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம், அபாயத் தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை வேலைக்கு அமர்த்தியவர் நல நிதியில் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. கோடை விடுமுறை என்ற ஒன்று இருந்த பிள்ளைகளே கோடை மலரின் வாசகராக முடிந்தது. எழுபது, எண்பதுகளின் சித்திரக்கதை வாசகரைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் ஆண்களின் குரலே கேட்பதற்கும், பெண்களின் நினைவுரைகள் அரிதாக இருப்பதற்கும் இந்தப் பின்னணியைக் காரணங்களில் ஒன்றாகவேனும் கொள்ள வேண்டும். பழைய நாயகரின் மறுவருகையைக் குழந்தைப் பருவத்தின் மறுவருகை என்று கொண்டாடிய எழுத்துகள் இதைப் போதிய அளவு நினைவில் கொள்ளவில்லை.

நலிவு மெல்ல வந்தது. 1980களின் பிற்பகுதியில் கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் தென் மாவட்டங்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுவந்தது. 1993இல் சன் டிவியும், அதைத் தொடர்ந்து கம்பிவடத் தொலைக்காட்சியும் மாலை நேரத்தைக் கைப்பற்றின. 2007இல் தொடங்கிய சுட்டி டிவி அயல்நாட்டு அசைவூட்டத் தொடர்களைத் தமிழ்க் குரலில் நாள்தோறும் தந்தது. அசைவூட்டம் என்பது வரைந்த உருவங்களை அடுத்தடுத்து ஓடவிட்டு உயிருள்ளவைபோல் காட்டும் கலை. கட்டத்துக்குள் உறைந்து நின்ற மாயாவியால் அதனோடு போட்டியிட இயலவில்லை. ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. அம்புலிமாமாவும் 2010களின் தொடக்கத்தில் மறைந்தது. சிவகாசியில் லயனும் முத்துவும் மூடப்படவில்லை என்றாலும், அவை எந்த மாதம் வரும் என்று யாரும் சொல்ல முடியாத நிலை உருவாயிற்று. காமிக்ஸ் க்ளாசிக்ஸ் என்ற பெயரில் பழைய கதைகளின் மறுபதிப்புகள் அவ்வப்போது வந்தன. பத்து ரூபாய்ப் புத்தகத்துக்குக் கடைக்காரருக்குக் கிடைக்கும் கழிவு சொற்பம் என்பதால் கடைகளில் அவற்றைத் தொங்கவிடும் ஆர்வமும் குறைந்தது.

2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சிக் காலத்தில் வெளியான லயன் கம்பேக் ஸ்பெஷல் இந்த நிலையை மாற்றியது. வழவழப்பான ஆர்ட் தாளில், பல்வண்ணத்தில், 100 ரூபாய் விலையில் அது வந்தது. அடுத்த ஆண்டு முத்து காமிக்ஸின் நாற்பதாம் ஆண்டையொட்டி வெளியான நெவர் பிஃபோர் ஸ்பெஷல் 400 ரூபாய் விலையில், முன்பதிவின் துணையோடு வந்தது; 2014இல் லயனின் முப்பதாம் ஆண்டுக்கென லயன் மேக்னம் ஸ்பெஷல் அதனினும் பெரிதாக வெளிவந்தது. இந்த விலைகளைச் சிறுவர் எவரும் கொடுத்து வாங்க முடியாது என்பது வெளிப்படை. பதிப்பகம் கடைக் கயிற்றை விட்டுச் சந்தாவை, அதாவது ஆண்டுக்குரிய தொகையை முன்கூட்டியே செலுத்தி அஞ்சல் வழியாகப் புத்தகம் பெறும் முறையை, முதன்மையாகக் கொண்டது. அச்சாகும் பிரதிகள் எண்பதுகளோடு ஒப்பிட முடியாத அளவு குறைந்தன. ஒவ்வொரு பிரதியின் விலையும் அதற்கேற்ப ஏறியது. எண்பதுகளில் சில்லறை சேர்த்து வாங்கிய சிறுவர், இப்போது ஆசிரியராகவும் வங்கி ஊழியராகவும் வணிகராகவும் மென்பொருள் பொறியாளராகவும் வளர்ந்து, தாம் விரும்பும் புத்தகத்துக்கு முதலீட்டாளராகவே மாறினர். மறுவருகையின் மையமான செய்தி இதுவே: ஒரு பதிப்பகம் வாசகரைத் தேடிச் சென்றதைவிட, வாசகர் தம் பதிப்பகத்தைத் தாங்கி நிறுத்தினர்.

அவர்களது எதிர்வினை ஒருமுகமாக இருக்கவில்லை. முதல் அலை தூய மகிழ்ச்சி; ஆசிரியர் விஜயன் வாசகரோடு பேசும் ஹாட்லைன் பக்கத்திலும், இதழின் தொடக்க காலத்தை விவரிக்கும் சிங்கத்தின் சிறுவயதில் என்ற தொடரிலும் எழுதியவற்றைக் கதைகளுக்கு இணையாக வாசகர் விரும்பிப் படித்தனர். அச்சகத்தின் நெருக்கடிகள், உரிமை பெறப் பட்ட பாடு, தவறிய கணிப்புகள் ஆகியவற்றை ஆசிரியர் மறைக்காமல் எழுதியதால், தாமும் அத்தொழிலில் பங்குடையவர் என்ற உணர்வு வாசகரிடம் வலுப்பட்டது. அந்த உரிமையுணர்விலிருந்தே வாதங்களும் பிறந்தன. ஒரு சாரார் மாயாவியும் ஸ்பைடரும் ஆர்ச்சியுமே வேண்டும் என்றனர். மற்றொரு சாரார், அவை குழந்தைகளுக்கான எளிய கதைகள், வளர்ந்த வாசகருக்கு லார்கோ வின்ச் போன்ற பிரெஞ்சு, பெல்ஜியப் படைப்புகளும் கிராபிக் நாவல் எனப்படும் செறிவான நெடுங்கதைகளும் வேண்டும் என்றனர். தாளின் தரம் உயர்ந்ததை வரவேற்றவர்களே, பழைய செய்தித்தாளின் மணமும் மையின் ஒட்டும் போய்விட்டதாக வருந்தினர். மொழிபெயர்ப்பைச் செம்மைப்படுத்த வேண்டும் என்ற கோரிக்கையும், சிறுவயதில் மனப்பாடமான வசனத்தில் ஓர் எழுத்தையும் மாற்றக்கூடாது என்ற கோரிக்கையும் ஒரே வேளையில் ஆசிரியரின் மேசைக்கு வந்தன. டெக்ஸ் வில்லர் இந்தப் பிளவின் இரு பக்கத்தாருக்கும் பொதுவானவனாக நின்றதால், அவனுக்கெனத் தனியான ரசிகர் பட்டாளமே உருவாயிற்று.

2015இல் மும்மூர்த்திகளும் ஸ்பைடரும் பெரிய அளவில், தரமான தாளில், மறுபதிப்புகளாக வரத் தொடங்கியபோது இந்த வாதம் உச்சத்தை அடைந்தது. புத்தகக் கண்காட்சிகளில் அவற்றுக்கு விற்பனை குறையவில்லை. நாற்பதைக் கடந்த தந்தையர் தம் பிள்ளைகளை அழைத்து வந்து மாயாவியைக் காட்டி வாங்கித் தருவது அரங்குகளில் வழக்கமான காட்சியாயிற்று. ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தவர்களில் பலர் ஏமாற்றத்தையும் வெளிப்படையாக எழுதினர். கதையின் ஓட்டைகள் தெரிந்தன. எதிரியின் திட்டம் சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. ஒரு காலத்தில் திகைக்க வைத்த திருப்பம் இரண்டு பக்கத்துக்கு முன்பே புலப்பட்டது. இந்த ஏமாற்றத்தைக் கதைகளின் குறையாக மட்டும் கொள்வது சரியன்று. பத்து வயதுக்கென எழுதப்பட்டவை பத்து வயதினரிடம் தம் வேலையை முழுமையாகச் செய்து முடித்திருந்தன. மாறாக, பிளாஸ்கோவின் ஒளிநிழல் ஓவியங்கள் பெரிய பக்கத்தில் முதன்முறையாகத் தெளிவாகத் தெரிந்தபோது, சிறுவயதில் கதையின் வேகத்தில் கடந்துபோன ஒரு பெரும் ஓவியரை வாசகர் கண்டுகொண்டனர். மறுபதிப்பின் உண்மையான பயன் இதுவே எனத் துணிந்து கூறலாம்.

இத்தகைய எதிர்வினைகள் கரிசலுக்கு மட்டும் உரியவை அல்ல. 1982இல் பிரான்சும் ஜப்பானும் இணைந்து உருவாக்கிய, பொன்னகரங்களைத் தேடிச் செல்லும் சிறுவர் பற்றிய அசைவூட்டத் தொடர், லயன் திரும்பி வந்த அதே 2012இல்தான் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் அடுத்த பாகத்தோடு உயிர் பெற்றது. 2018இல் ஷீ-ரா என்ற பழைய அசைவூட்டத் தொடர் புதுவடிவில் வந்தபோது நாயகியின் உருவம் மாற்றப்பட்டது குறித்து அமெரிக்காவில் கடும் வாதங்கள் நிகழ்ந்தன. 2025 ஜனவரியில், ஜப்பானியக் கலைஞர்களும் இந்தியக் கலைஞர்களும் இணைந்து 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய இராமாயண அசைவூட்டப் படம் தமிழ்க் குரலுடனும் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தபோது, சிறுவயதில் தொலைக்காட்சியில் அதைக் கண்டவர்கள் தம் பிள்ளைகளோடு சென்று பார்த்தனர். எனினும் சிவகாசியின் நிலை ஒரு வகையில் தனித்தது. மாயாவியும் ஸ்பைடரும் ஆர்ச்சியும் அவர்கள் பிறந்த பிரிட்டனில் நெடுங்காலம் மறக்கப்பட்டே கிடந்தனர். 2005இல் எழுத்தாளர் ஆலன் மூரின் கதைத்திட்டத்தில் தொடங்கிய ஆல்பியன் என்ற சித்திரக்கதைத் தொடர் அவர்களைச் சிறிது காலம் நினைவூட்டியது. பழைய பிரிட்டிஷ் இதழ்களின் உரிமையை வாங்கிய ரெபெல்லியன் நிறுவனம் மாயாவியின் மூலக்கதைகளைச் செம்பதிப்பாக 2021இல் வெளியிட்டது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கரிசல் நிலத்து அச்சகம் ஒன்று இந்த நாயகரை மீண்டும் நடமாட விட்டிருந்தது.

வாசகர் கூடுவதும் இந்த மறுவருகையோடு ஒரு வழக்கமாக நிலைபெற்றது. ஆண்டுதோறும் ஆகஸ்ட்டில் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவையொட்டி லயன்–முத்து வாசகர் சந்திப்பு நடைபெறுகிறது. ஊர் ஊராக இருந்து வருவோர் ஆசிரியரை நேரில் கேள்வி கேட்டு, வரும் ஆண்டில் எந்தெந்தக் கதை வேண்டும் என்று வாதாடித் திரும்புகின்றனர். ஸ்பைடரைக் கூர்மண்டையர் என்றும் ஆர்ச்சியைச் சட்டித்தலையன் என்றும் உரிமையோடு அழைக்கும் அந்தப் பேச்சில், உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் பெயர் சொல்லிக் கூவி அழைத்த கூத்துக்களத்தின் தொடர்ச்சியைக் காணலாம். 2022இல் முத்து காமிக்ஸ் ஐம்பது ஆண்டை எட்டியபோது, தமிழில் இத்துணைக் காலம் நீடித்த சித்திரக்கதை முயற்சி வேறு எதுவும் இருக்கவில்லை எனலாம்; நாளிதழின் துணையில் வாழ்ந்த கன்னித்தீவு மட்டுமே அதற்கு மூத்தது.

ஆயினும் இந்த மறுவருகைக்கு ஓர் எல்லை உண்டு. சந்தாவாலும் கண்காட்சியாலும் வாழும் புத்தகம், பேருந்து நிறுத்தக் கடையின் கயிற்றிலிருந்து இறங்கிவிட்டது. புதூரிலோ அதன் அருகிலுள்ள பந்தல்குடியிலோ நாகலாபுரத்திலோ இன்று பத்து வயதில் இருக்கும் பிள்ளை, தன் கையிலிருக்கும் பணத்துக்கு, தானே தேர்ந்து வாங்கும்படியான சித்திரக்கதை ஏதும் கடையில் இல்லை. வாசகரின் ஆர்வத்தால் காப்பாற்றப்பட்ட ஒரு தொழில் அந்த வாசகரோடு சேர்ந்தே மூப்படைகிறது என்பதை அதன் நலம் விரும்புவோர் நேராகப் பார்க்க வேண்டும். மறுபதிப்பு தந்தையருக்கு மகிழ்ச்சியைத் தந்தது. பிள்ளைகளை வாசகராக்கும் பணி இன்னும் தொடங்கவில்லை.

அதைவிட உடனடியான கடமை ஒன்றும் இருக்கிறது. செய்தித்தாளில் அச்சான எழுபது, எண்பதுகளின் புத்தகங்கள் பொடிந்து வருகின்றன. அவற்றின் முழு வரிசை தனியார் சேகரிப்புகளில் பூட்டிக் கிடக்கிறதே தவிர, அவை அச்சான வட்டாரத்தின் பொது நூலகங்களில் ஆய்வாளர் எடுத்துப் பார்க்கும்படி இல்லை. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவலைத் தன் அருகில் கொண்டிருக்கும் கோவில்பட்டி, கரிசல் இலக்கியத்தைப் போற்றுவது போலவே கரிசலின் அச்சுச் செல்வத்தையும் போற்றத் தகுதியுடைய ஊர். சேகரிப்பாளர் தம்மிடம் உள்ள இரட்டைப் பிரதிகளை, அல்லது முறையான ஒப்புதலோடு எடுத்த படிகளையேனும், கோவில்பட்டி, சிவகாசி நூலகங்களுக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் அளிக்க முன்வர வேண்டும். தீப்பெட்டி மேல்தாள்களும் நாட்காட்டி ஓவியங்களும் அவற்றோடு சேர்த்துத் தொகுக்கப்பட வேண்டும். அட்டை வரைந்தவர், கட்டம் வெட்டி ஒட்டியவர், அச்சுக்கோத்தவர் ஆகியோரில் இன்னும் நம்மிடையே இருப்போரின் நினைவுகள் அவர்கள் பெயரோடு பதிவு செய்யப்பட வேண்டும்.